தொட்டிக்குள் ஒரு செக்ரட்டரி

மும்பையில் கட்டடத்துக்கு ஒருவர் வீதம் தவறாமல் விளையும் இனம் ஒன்று உண்டு. பொருத்தக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். யாரோடு யார் ஒத்துப்போவார்கள் என்பதைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவர். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களைச் சொசைட்டி ஆபீசில் உட்காரவைத்து, என்ன சமைப்பீர்கள், விருந்தாளி வந்தால் எத்தனை நாள் தங்குவார், பிள்ளை மிருதங்கம் கற்றுக்கொள்கிறானா, கற்றுக்கொண்டால் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் "சொல்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்புவாரே, அவரேதான். அவரை யார் விசாரித்துக் குடிவைத்தார்கள்? கேட்டுப் பாருங்கள். கேட்டவர்கள் இப்போது வீட்டைக் காலி செய்துகொண்டு காட்கோபரில் இருக்கிறார்கள்.

சொசைட்டி செக்ரட்டரி செம்பூர் ஜம்பு இந்த இனத்தில் முற்றிய காய். அவருடைய கட்டடத்துக்கு முதன்முதலில் குடிவந்தவர் அவர்தான். சிமெண்ட் காய்வதற்கு முன்பே வந்துவிட்டாராம். இரண்டாம் மாடிப் படியில் பதிந்திருக்கும் காலடி தம்முடையதுதான் என்பார். அது ஒரு நாயினுடையது போலத்தான் இருக்கும். சொல்லிவிட்டு அங்கே யார் குடியிருப்பது?

அவர் மனைவி அம்மிணிக்கு ஓர் ஆசை. கடல் வேண்டும். ஹாலில்.

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, உப்புநீர் கலந்து, பவளப்பாறைத் துண்டுகளை அடுக்கி, தண்ணீர் பக்குவப்படும்வரை வாரக்கணக்கில் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துவிட்டாள். அவள் மனம் போனது ஃபயர் ஃபிஷ் மீது: சுண்டுவிரல் நீளம், முன்பாதி பால்வெள்ளை, பின்பாதி தீக்கொழுந்து. குக்கர் விசிலடித்தாலே பொந்துக்குள் ஓடிவிடும் சாது. துணைக்கு ஓர் ஆரஞ்சு நிற க்ளௌன் மீன் ஜோடி.

"மூணே மூணு போதும்னா. சின்னத் தொட்டி."

"செலக்‌ஷனை என்கிட்ட விடு" என்றார் ஜம்பு.

தாராவியில் கரீம் பாட்சாவின் மீன் கடை. அம்மிணி பக்கத்தில் நிற்க, ஜம்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விசாரணை தொடங்கிவிட்டது.

"இந்த ஆரஞ்சு ரெண்டும் ஃபேமிலியோ?"

"புருசன் பொஞ்சாதி சார். பெருசுதான் பொம்பள. அது செத்துட்டுன்னா புருசன் பொம்பளையா மாறிரும்."

"அப்போ அக்ரிமெண்ட் யார் பேர்ல போடறது?"

கரீம் பாட்சா கடை வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியைச் சந்தித்ததில்லை. ஃபயர் ஃபிஷ்ஷின் முறை வந்தது.

"இது தனிக்கட்டையா?"

"ரெண்டா விட்டா சண்ட போடும் சார். ஒத்தையாத்தான் வளக்கணும்."

"பேச்சலர்!" ஜம்பு முகம் சுளித்தார். அம்மிணியின் முகத்தைப் பார்த்து, "சரி, பரிசீலிக்கலாம்" என்று இறங்கிவந்தார்.

அப்போதுதான் குழாய்க்குப் பின்னால் ஒதுங்கியிருந்த அந்த நீல மீன் அவர் கண்ணில் பட்டது. நகம் அளவு உடம்பு. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதாக்கும் பிள்ளை! என்ன அடக்கம் பாரு! சைவமோ?"

"பாசி நல்லா மேயும் சார்." வேறு என்ன தின்னும் என்பதை ஜம்பு கேட்கவில்லை, கரீம் பாட்சாவும் சொல்லவில்லை.

"ஏன்னா, அது டாம்செல் மீன்" என்றாள் அம்மிணி. "மொதல்ல விட்டா தொட்டியே தன்னுதுன்னு நெனைச்சுக்கும். வேணும்னா கடைசியா விடலாம்னு குரூப்ல சொல்றா."

"உன் குரூப்ல எவனாவது செக்ரட்டரியா இருந்திருக்கானோ?"

எவனும் இருந்ததில்லை. ஆகவே நீல மீன் முதலில் குடியேறியது. மற்ற மூன்றும் அடுத்த மாதம் வந்தன. வந்த அன்றே தெரிந்துபோயிற்று. நகம் அளவு நீலம், க்ளௌன் ஜோடியை ஒரு மூலைக்குத் தள்ளியது. ஃபயர் ஃபிஷ்ஷை மோட்டாருக்குப் பின்னால் அடைத்தது. இரை போட்டால் அது வெளியே தலை நீட்டும், நீலம் பாயும், தலை உள்ளே போய்விடும். வயிறு ஒட்டிக்கொண்டே வந்தது. அம்மிணி இட்லியைப் பிட்டு வாயில் போடாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துடும்னா."

"விசாரிக்கறதுடீ. புதுசா வந்தவா யாரு எவருன்னு கேக்க வேண்டாமா?"

"பட்டினி கெடக்கறதுகிட்ட என்ன விசாரணை?"

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்."

அம்மிணி மீனைப் பார்த்தாள். ஜம்புவைப் பார்த்தாள். மறுபடி மீனைப் பார்த்தாள்.

அன்று மாலை, சான்பாடாவிலிருந்து வீடு தேடி வந்த ஒரு புதுமணத் தம்பதியை விசாரிக்க ஜம்பு கீழே இறங்கினார். அம்மிணி சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கை விட்டாள். பாறைகளையெல்லாம் வெளியே எடுத்து நீலத்தை வலையில் பிடித்தாள். துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டாள். பிறகு பாறைகளை இடம் மாற்றி அடுக்கினாள். நீலம் பிடித்துவைத்திருந்த குகை இப்போது இல்லை. புதிதாக இரண்டு குகைகள்.

மறுநாளே ஃபயர் ஃபிஷ் வெளியே வந்து முதல் கவளத்தைக் கவ்வியது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மிணி இட்லியை வாயில் போட்டாள். எல்லோரும் இடம் பிடித்த பிறகுதான் நீலத்துக்கு விடுதலை. அது பழைய குகையைத் தேடிப் போயிற்று. காணோம். திரும்பினால் எதிரே க்ளௌன் பெண்மணி, கண்ணிமைக்காமல். மீனுக்கு இமை கிடையாது என்பது வேறு விஷயம். நீலம் ஓரமாய், மிக ஓரமாய் ஒதுங்கியது.

ஜம்பு பக்கத்து வீட்டு அனந்தைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "பாத்தேளா, நான் செலக்ட் பண்ணின பிள்ளை! என்ன அடக்கம்!"

அம்மிணி ஜன்னலோரம் கிடந்த ஜம்புவின் சாய்வு நாற்காலியை எங்கே நகர்த்தலாம் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக் காலை ஹார்பர் லைன் ரயிலில் மூன்று பேராக நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு, வடாலாவில் ஏறிய ஒருவர் வந்து "ஜரா சர்க்கோ", கொஞ்சம் நகருங்கள், என்பார். நீங்கள் ஏறியது அதற்கு முந்தைய ஸ்டேஷனில்தான். ஆனாலும் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்த பிறகுதானே நகர்வீர்கள்?

அதுவும் எவ்வளவு நகர்வீர்கள்? ஒரு மீன் உட்காரும் அளவுக்கு.