பனியன் துணிக் கடல்

திரைச்சீலையை விரித்துப் பார்த்தால், கடலில் ஏழு தாமரை பூத்திருந்தது.

"இதென்னங்க ஓவியரே?" என்றான் நாச்சிமுத்து.

"தண்ணின்னாத் தாமரை வேணுமில்லீங்க? பல்லடத்துப் பக்கம் நான் வரையாத தெப்பக்குளமா?" என்றார் ஓவியர்.

நாச்சிமுத்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆயுத பூஜையன்று கம்பெனி முற்றத்தில் நடக்கும் நாடகத்துக்கு எழுத்து, இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவனேதான். இந்த வருஷம் 'கடலோரம் வந்த மாமனார்'. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பம். இப்போது மணி பன்னிரண்டு.

வேறு ஆளாயிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான். நாச்சிமுத்து கும்பிட்டான். "ரொம்ப நன்றிங்க. தாமரை தத்ரூபமா இருக்குதுங்க." பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்குகிற பிறவி அவன்.

ஆனால் இந்தக் கடலை மேடையில் ஏற்ற முடியாது. காரணம் மாரக்காள். "உன்னைக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்" என்று கல்யாணத்தன்றே பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பன்னிரண்டு வருஷமாக வருஷத்துக்கொரு ஆர்டர் குறுக்கே வந்து விழுந்தது. அவள் கடலுக்குப் போக முடியாவிட்டால் என்ன, கடலை அவளிடம் கொண்டுவந்து விடுவோம் என்றுதான் இந்த நாடகத்தையே எழுதினான். அவனும் கடலைப் பார்த்ததில்லை. அது வேறு விஷயம்.

"செகண்ட்ஸ்னு கழிச்சுப் போட்ட துணி ஒரு ரோல் சும்மா கெடக்குது மாஸ்டரு. நீலத்துல முக்கிட்டு வந்தர்றேன்," என்றான் சாயப்பட்டறை லிங்கசாமி.

"ரொம்ப நன்றி லிங்கசாமி."

மூன்று மணிக்குக் கடல் வந்தது. அவசரத்தில் சாயத்தைச் சரியாக ஊறவிடவில்லை என்பதை லிங்கசாமி யாரிடமும் சொல்லவில்லை. மேடையில் விரித்தார்கள். கல்யாண வீட்டு ஜமக்காளம் மாதிரி அது பாட்டுக்குக் கிடந்தது.

தூக்குப்போசியில் காப்பி கொண்டுவந்த மாரக்காள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கடல்னா வந்து வந்து திரும்பிப் போகுமில்லீங்க? ஓரத்துல வெள்ளையா நுரை கட்டுமில்லீங்க?"

"கடலைக் கண்ணுல பாக்காதவ நீ, சும்மாரு புள்ள. சாயங்காலம் நான் காட்டறேன், பாரு."

மாரக்காள் சிரித்துக்கொண்டே காப்பியை ஊற்றினாள்.

இருந்தாலும் அவள் சொன்னது அவன் மண்டையில் உறைத்தது. கடல் அசைய வேண்டும். மெஷினிலிருந்து பனியன் துணி குழாய் மாதிரிதானே இறங்குகிறது? அந்தக் குழாய்க்குள் லிங்கசாமியையும் மெஷின் ஓட்டும் சின்னானையும் நுழைத்து, குனிந்து குனிந்து எழச் சொன்னான். அலை அடித்தது. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னான்.

அப்புறம்தான் காற்று வந்தது. கடல் பறந்தது.

"தண்ணியில்லாத கடல் ஏதுங்க?" என்று நாலு குடம் தண்ணீரை எடுத்து அதன் தலையில் ஊற்றினான். நனைந்த பனியன் முழங்கால் வரைக்கும் தொங்கும் என்பது திருப்பூரில் தெரியாதவர் கிடையாது. கட்டிங் மாஸ்டருக்கு அன்றைக்குப் பார்த்து மறந்துபோயிற்று.

ஐந்து மணி. முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு முதலாளி குமாரசாமி. பெண்கள் பக்கம் முதல் இடத்தில், சந்தனக் கலர் புடவையில் மாரக்காள். அந்த இடத்தை நாச்சிமுத்து காலையிலேயே துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்தான்.

திரை விலகியது. மாமனார் வேஷத்தில் நாச்சிமுத்து கைவிரித்து, "ஆகா, என்ன காத்து," என்றான். அலைகள் எழும்பின. எழும்ப எழும்ப ஈரத்துணி நீண்டுகொண்டே போனது.

"மாஸ்டரு, குழாய்க்கு வாய் எங்கீங்க?" என்று கடலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வலப்பக்கம் வாடா," என்று முணுமுணுத்தான் நாச்சிமுத்து.

அவன் ஜனங்களைப் பார்த்து நின்றான். உள்ளே இருந்தவர்கள் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தார்களோ. கடல் கிளம்பி நேராக முன்னால் வந்தது. மேடை விளிம்பைத் தாண்டியது. ஒரு முனை முதலாளி மேல் தொப்பென்று விழுந்தது, நடுப்பாகம் மாரக்காள் மடியில் விழுந்தது. குழாயின் வாயிலிருந்து நீல மூஞ்சியோடு தலையை நீட்டிய லிங்கசாமி, "வணக்கமுங்க முதலாளி," என்றான்.

முதலாளி தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். அது பாதிக்கு மேல் நீலம். நாச்சிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தான்.

மைக்கைப் பிடித்து, "எங்க கடல்ல கால் நனைச்ச முதலாளிக்கு ரொம்ப நன்றிங்க," என்றான்.

முதலாளியின் தொப்பை முதலில் குலுங்கியது. பிறகு தோள். அப்புறம் முற்றமே குலுங்கியது. சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

"அடுத்த வருசமும் கடல்தான் போடோணும் மாஸ்டரு. நான் நீல வேட்டியே கட்டிட்டு வந்தர்றேன்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கூட்டம் கலைந்தது. தாமரை வரைந்த ஓவியர் வரைக்கும் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்துவிட்டு, நாச்சிமுத்து தயங்கித் தயங்கி மாரக்காளிடம் வந்தான். அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நீலம் நீலமாய் ஒழுகியது. அத்தனை பேர் சிரித்தும் அவன் மனசு ஆறவில்லை. பன்னிரண்டு வருஷ வாக்கு இப்படியா முடிய வேண்டும்?

"கடலைக் காட்டறேன்னு சொல்லி உன்ற பொடவையக் கெடுத்துப்புட்டேன் புள்ள."

மாரக்காள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் பூரித்துக் கிடந்தது.

"நீங்க கொண்டாந்த கடலுக்கு நாந்தானுங்க நன்றி சொல்லோணும். பத்து வயசுல என்ற அப்புச்சி ராமேசுவரத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பக்கூட அலை இப்பிடி என்ற மடி வரைக்கும் வரலீங்க."