பேனா பாயும் அந்தத் தடிக்கோடும்

மும்பையில் ஒரு கோட்டின் தடிமனுக்காக ஊரையே எதிர்த்து நின்ற ஒரே மனிதர் தாராவி பேனா பாய்தான். வேறு யாராவது உண்டென்றால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிடுகிறேன்.

பாய் தோல் கட்டிங் மாஸ்டர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தோலில் குறி போடும் வெள்ளிப் பேனா காதில் செருகியே இருக்கும். நான் பத்து வருஷமாகச் செம்பூரில் ஒரு ரைபிள் கிளப்பில் மெம்பர். ஞாயிறுதோறும் ஏர் ரைபிளை மேஜைமேல் ஊன்றி, இருபத்தைந்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைச் சுடுவேன். அட்டை பிழைத்துக்கொள்ளும். ரைபிள் பையின் வார் அறுந்து, தைக்க அவரிடம் போனேன். குறி பார்க்க ரைபிள்மேல் மாட்டும் ஸ்கோப், அன்றுதான் வாங்கியது, பைக்குள் இருந்தது. எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"என்ன சார் இது, உள்ள மீன் முள்ளு மாதிரி இத்தன கோடு கெடக்கு?"

"தூரம் மாறினா, காத்து அடிச்சா எவ்வளவு தள்ளிக் குறி வைக்கணும்னு காட்டுற கோடு பாய். விலை ஜாஸ்தி" என்றேன் பெருமையாக.

"நீங்க சுடுத தூரம் மாறுமா?"

"மாறாது."

"காத்து?"

"உள்ளரங்கம் பாய். ஃபேன்கூடக் கிடையாது."

"அப்ப இந்தக் கோடெல்லாம் யாருக்கு? கடைக்காரனுக்கா?"

மூக்கு உடைந்து வீடு வந்தேன். பாய் விடுவாரா? வெள்ளைத் தோல் துண்டுகளில் மிளகளவு புள்ளி வைத்து, அதன் குறுக்கே விதவிதமான தடிமனில் கோடு போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டார். தோல் கொண்டுவந்தவர், பை வாங்க வந்தவர், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், ஒருத்தரையும் விடவில்லை. எல்லாரையும் எதிர்ச்சுவர் ஓரம் நிறுத்திப் பரீட்சை வைத்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது: தடிக்கோடு புள்ளியை முழுங்கும், முடி மாதிரி மெல்லிய கோட்டைத் தேடித்தேடிக் கண்ணில் தண்ணீர் வரும், நடுவில் சின்ன இடைவெளி விட்ட நடுத்தரக் கோடுதான் அட்டை சுடுகிறவனுக்கு உத்தமம். "நானும் சுடப் போறேன், என்னையும் கிளப்புல சேத்து விடுங்க சார்" என்று பிடிவாதமாக நின்றார்.

கிளப் செகரட்டரி ரிட்டயர்ட் ஆபீசர். "தோல் வெட்டறவருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார் என்னிடம். பக்கத்தில் நின்ற பாயின் முகம் சிவந்துவிட்டது. செகரட்டரி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவ்வளவு ஆசைன்னா டிரையல் கொடுக்கட்டும். கிளப் ரைபிள்லதான் சுடணும். இருபத்தஞ்சு ஷாட், இருநூத்தம்பதுக்கு இருநூத்திப் பத்து பாயிண்ட். வரலேன்னா அப்புறம் இந்தப் பக்கமே வரப்படாது!"

அந்தக் கிளப் ரைபிளின் ஸ்கோப் எனக்குத் தெரியும். புதருக்குள் இருட்டில் ஓடும் காட்டுப்பன்றிக்காகச் செய்தது. உள்ளே கூட்டல் குறி, உலக்கைத் தடிமன். நடுப்புள்ளி அதன் பின்னால் மறைந்தே போகும்.

"பாய், இன்னிக்கு வேண்டாம். உடம்பு சரியில்லேன்னு சொல்லிட்டுப் போயிடலாம்" என்று காதைக் கடித்தேன்.

"எனக்கா ஒடம்பு சரியில்ல? கோட்டுக்குல்லா சரியில்ல! தள்ளி நில்லுங்க."

கணக்கில் சேராத ஒத்திகைக் குண்டுகளை முதலில் சுட்டார். நடுவில்தான் விழுந்தன. அப்படியே விட்டிருக்கலாம். மனிதர் ஸ்கோப்பின் திருகைத் திருப்பினார், சுட்டார், மறுபடி திருப்பினார். "சரியா இருந்ததைப் போட்டுக் கெடுக்கறாரே!" என்று பின்னால் சிரிப்பு.

பிறகு இருபத்தைந்து குண்டு. அட்டையை எடுத்துக் கூட்டினால் இருநூற்று இருபத்தொன்று.

செகரட்டரி நம்பவில்லை. ரைபிளை வாங்கி, கூட்டல் குறியின் நடுவைப் புள்ளிமேல் வைத்துத் தானே சுட்டார். குண்டு புள்ளிக்கு வலப்பக்கம் மேலே போய் விழுந்தது. "கிளப் ஸ்கோப்பைப் பாழாக்கிட்டீரே!"

"பாழாக்கல. தோலுல கோட்டு நடுவுல வெட்டுனா சைஸு தப்பிரும் சார். ஓரத்துலதான் வெட்டுதோம். இந்தக் கூட்டல் குறிக்கு நாலு மூலை இருக்குல்லா? வலது மேல் மூலையில குண்டு விழுத மாதிரி திருகி வச்சு, புள்ளிய அங்க உக்கார வச்சேன். நீங்க குடுத்த கோட்ட வச்சே சுட்டிருக்கேன். தோல் வெட்டுதவன்தான் சுட்டேன். மெம்பர் ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க!"

செகரட்டரி போட்டார். வேறு வழி? பாயைத் திருட்டுத்தனமாக வீட்டுக்கு அனுப்பப் பார்த்த எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது பக்கத்து மேஜை பாயுடையது. "பத்து வருஷமா என்னதான் சார் பண்ணுனீங்க?" என்று என் அட்டையைத் தூக்கிக் காட்டி ஞாயிறுதோறும் மானத்தை வாங்குகிறார். போன மாதம் பாய்க்குக் காய்ச்சல் வந்து இரண்டு ஞாயிறு வரவில்லை. நானும் கிளப்புக்குப் போகவில்லை. தாராவிக்குப் போய், அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஆசை தீரத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.