அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், மாமா

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நலம் விசாரிக்கவே போன கடிதத்தில் நீங்கள் ஒன்றரைப் பக்கம் செலவழித்திருந்தீர்கள். இதை போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள்.

கல்லூரியிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். அப்பா கப்பலில் இருப்பதால் பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் முகவரிதான் இருக்கிறது. 'தங்கள் மருமகனால் பிற மாணவர்களுக்கு ஆபத்து நேரலாம் என்று கருதுகிறோம். ஒரு பருவம் அவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்துக் கீழே கையெழுத்திடவும்' என்று அதில் இருக்கும். போடாதீர்கள். போட்டால் வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு போச்சு, தேர்வு போனால் வருஷம் போச்சு, வருஷம் போனால் கையில் இருக்கும் வேலை உத்தரவும் போச்சு. கிழித்துவிடுங்கள். அத்தை கண்ணில் படுவதற்குள் கிழித்துவிடுங்கள். நீங்கள் பதறிக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். நான் ஜெயித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். எனக்கு ஆட்களோடு பேச வராது என்பது உங்களுக்கே தெரியும். எரிந்துபோன சர்க்யூட் போர்டைக் கையில் கொடுத்தால் எது புகைந்தது என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். 'எப்படிப்பா இருக்கே' என்று யாராவது கேட்டால் எவ்வளவு விவரம் சொல்வது என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. எங்கள் முதல்வரோ வராந்தாவில் யார் அகப்பட்டாலும் தோளில் கையைப் போட்டு, 'வாழ்க்கைல உன் லட்சியம் என்ன?' என்று ஆரம்பித்துவிடுவார். சராசரி பதினோரு நிமிடம். அதனால் பொறியியல் படித்தவன் செய்யவேண்டியதைச் செய்தேன். மூன்று வாரம் தூண் ஓரமாக நின்று, எந்த நேரத்தில் எந்த மாடிப்படியில் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணி ஒரு நோட்டில் குறித்தேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நடந்தால் எனக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். நீங்கள்தான் 'ஆளைப் பார்த்தா ஒரு சிரிப்பு சிரிடா, உலகமே உன் பின்னாடி வரும்' என்று எழுதினீர்கள். எத்தனை நொடி என்று எழுதவில்லை. நானாக இரண்டு என்று வைத்துக்கொண்டேன். எதிரில் வருகிறவரைப் பார்த்து இரண்டு நொடி சிரிப்பது, நிறுத்துவது, நோட்டில் ஒரு கோடு போடுவது. நாளொன்றுக்கு நூற்றெண்பது பேர். நான்காம் நாள் புகார் போய்விட்டது. இதில் முப்பது சதவீதத் தவறு உங்களுடையது. ஆனாலும் நீங்கள் சொன்னது முழுக்கப் பொய்யில்லை. உலகம் என் பின்னால் வரவில்லை, ஒரு காவலாளி வந்தார்.

பத்தடி தள்ளி வரவேண்டும் என்று அவருக்கு உத்தரவாம். முதல் நாளே மூச்சு வாங்கிக்கொண்டு, 'தம்பி, உனக்குத் தெரியாம உன்னைக் கண்காணிக்கச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம் மெதுவா நடப்பா, எனக்கு முழங்கால் சரியில்ல' என்றார். மெதுவாக நடந்தேன். ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஈயம் பற்றவைக்கும் கோலைக் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும், 'நீ பார்த்துக் கத்துக்கோ' என்றார்கள். உணவுக்கூடத்தில் முள்கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்பூன் கொடுத்தார்கள். சூப்தான் வாங்கியிருந்தேன், வசதியாகவே இருந்தது. மனநல ஆலோசகர் அம்மா கூப்பிட்டு ஒரு மரம் வரையச் சொன்னார். என்ன அளவுகோல் என்று கேட்டேன். அதை எழுதிக்கொண்டார். 'உனக்குக் கோபம் வருமா?' என்றார். 'இப்ப வந்துட்டிருக்கு மேடம்' என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். உண்மை பேசினால் நன்மை உண்டு என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இந்த அம்மாவைச் சந்தித்ததில்லை.

திங்கட்கிழமை விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் முதல்வர், ஆலோசகர் அம்மா, எங்கள் துறைத் தலைவர், விடுதிக் காப்பாளர். இந்தப் பக்கம் நான். கதவோரம் ஸ்டூலில் காவலாளி. நடுவில், என்னிடம் பறித்த நோட்டை, தொட்டால் வெடிக்கும் என்பதுபோல் ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். முதல்வர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் படித்தார். "'முதல்வர். மேற்கு வராந்தா. பதினொன்று ஐந்து முதல் பதினொன்று இருபது வரை. தனியாக வருவார்.' என்னைக் கொல்லத் திட்டம் போட்டியா?"

"இல்ல சார். உங்ககிட்ட மாட்டக்கூடாதுன்னு போட்டேன்."

"என்கிட்ட மாட்டினா என்ன?"

"லட்சியம் கேப்பீங்க சார். போன பருவத்துல மட்டும் ஏழு தடவை கேட்டீங்க. ஒரே லட்சியம்தான் சார், மாறவே இல்ல."

அதைக் கேட்டதும் எங்கள் துறைத் தலைவரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், "இந்த நேரமெல்லாம் சரியா இருக்குமாப்பா?" என்றார்.

"இரண்டு நிமிஷம் முன்னே பின்னே இருக்கும் சார்."

கதவோரத்திலிருந்து காவலாளி, "ரொம்பச் சரிங்கய்யா. பத்து நாளா இவன் பின்னாடியே நடக்கிறேன், ஒரு ஆள் மேல இடிக்கல. முழங்கால் வீக்கமே வடிஞ்சிடுச்சு" என்றார். விடுதிக் காப்பாளர் நோட்டைத் தன் பக்கம் நகர்த்தி, முதல்வர் பார்க்காதபடி உள்ளங்கையில் எதையோ குறித்துக்கொண்டார். ஆலோசகர் அம்மா மெதுவாக, "இதுக்கு ஒரு நகல் கிடைக்குமா?" என்றார். "விசாரணைக் கோப்புக்கு" என்று பிறகு சேர்த்துக்கொண்டார். முதல்வர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், மாமா. அவர் மட்டும் என் பக்கத்தில் நின்று எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும், பதினொன்று ஐந்துக்கு அந்த வராந்தா ஏன் காலியாக இருக்கிறது என்று. சத்தம் போடப்போகிறார், தேர்வு போனது என்றே நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நம்ம நிறுவனர் வர்ற நேரம் இதுல இருக்கா?" என்றார்.

"கடைசிப் பக்கம் சார். புதன்கிழமை, கிழக்குப் படிக்கட்டு. உங்களைத் தேடிக்கிட்டுத்தான் வருவார்."

"எத்தனை மணிக்கு?"

கோப்பை அங்கேயே மூடினார்கள். முள்கரண்டி திரும்பி வந்தது. பற்றவைக்கும் கோலும் வந்தது. வியாழக்கிழமை தேர்வு எழுதுகிறேன். வெளியே வந்ததும் காவலாளி என்னைக் கட்டிக்கொண்டார். எத்தனை நொடி என்று நான் எண்ணவில்லை. இந்த வம்சத்தில் யாரும் பேச்சில் ஜெயித்ததில்லை என்று நீங்கள் சொல்வீர்களே, நான் மொத்தம் ஒன்பது வாக்கியத்தில் ஜெயித்தேன்.

அத்தைக்கு என் வணக்கம். பெரியவனுக்குக் கணக்கில் சந்தேகம் இருந்தால் எழுதச் சொல்லவும், சிரிக்கச் சொல்லித்தர வேண்டாம். உங்கள் ஆசியை இந்த முறையாவது இரண்டு வரிக்குள் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஆபத்தில்லாத மருமகன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டும்போது முதல்வர் ஆள் அனுப்பினார். என் திறமை வீணாகக் கூடாதாம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஆயிரத்து இருநூறு பேர் முன்னால், மேடையில், மைக்கில், நாற்பது நிமிடம் நான் பேசவேண்டுமாம். தலைப்பு: 'எல்லோருடனும் கலந்து பழகுவோம்'. முடிந்ததும் ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து கைகுலுக்குவார்களாம். மாமா, கல்லூரிக் கடிதத்தைக் கிழிக்காதீர்கள். என்னால் ஆபத்துதான் என்று கையெழுத்துப் போட்டு, வெள்ளி காலைக்குள் வந்து சேரும்படி விரைவுத் தபாலில் அனுப்பவும். கிழித்திருந்தால் ஒட்டி அனுப்பவும். தேர்வு வியாழனோடு முடிகிறது. வெள்ளி ஒருநாள் மட்டும் நான் ஆபத்தானவனாக இருந்தால் போதும்.