பதினொரு பொய் மேகங்கள்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அவள் நலம். நானும் பகல் முழுக்க நலம். இருட்டிய பிறகு நிலவரம் சொல்வதற்கில்லை.

பல் மருத்துவமனையில் ஊரார் பல்லையெல்லாம் எக்ஸ்ரே எடுத்தது போதாதென்று, உங்கள் தங்கை ஒரு தொலைநோக்கியை வாங்கிக் கொல்லையில் நிறுத்தி நெபுலாவைப் படம் பிடிக்கிறாள். நெபுலா என்றால் வானத்தில் எங்கோ கிடக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகமாம். அந்த மேகத்தைப் பிடிக்க இந்த மேகம் விடுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிடம். அப்படி நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உருவம் தெரியுமாம். அவள் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருப்பாள். மேகம் வருகிறதா, தூறல் விழுகிறதா என்று பார்த்துக் குரல் கொடுக்க வெளியே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். நிலா கூடாது, விளக்கு கூடாது, டார்ச் அடித்தால் படம் பாழ்.

மச்சான், முப்பது வருடம் மறைத்ததைச் சொல்கிறேன். எனக்கு இருட்டென்றால் தொடை நடுங்கும். ராத்திரியில் தாகம் எடுத்தாலும் எழுந்து போகாமலே குடும்பம் நடத்தியவன் நான். ஒரு விசிலில் மைதானத்தையே நிற்க வைத்த உடற்பயிற்சி ஆசிரியர் நான், இப்போது கொடியில் காயும் சட்டையைப் பார்த்து "யாரது?" என்கிறேன். அது பதில் சொல்லாததும் பயமாக இருக்கிறது, சொல்லிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. தொலைநோக்கி இன்னும் மோசம். வானம் நகர நகர, மோட்டாரில் முனகிக்கொண்டு அதுவே கழுத்தைத் திருப்புகிறது. அது மோட்டார்தான் என்று மூளைக்குத் தெரிகிறது, முதுகுக்குத் தெரியவில்லையே! அதனால் ஒரு தப்பு செய்துவிட்டேன். வானம் பளிச்சென்று இருக்கும்போதே "மேகம் வந்துடுச்சு, எல்லாத்தையும் மூடு!" என்று கத்தினேன். ஒரு நாள் இல்லை, பதினொரு நாள். நேற்றுக் காலை அவள் படங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க கத்தினப்போ எடுத்த படத்துல ஒரு நட்சத்திரம்கூட மறையலையே?"

"அது... மெல்லிசு மேகம்."

"பதினோரு நாளுமா? இன்னும் பத்து நாள்தாங்க இருக்கு. அப்புறம் அந்த நெபுலா பக்கத்து மாடிக்குப் பின்னாடி போயிடும். அடுத்த வருஷம்தான் பார்க்க முடியும்."

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அவளுக்குப் போன் செய்து, உங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, மாப்பிள்ளை உடனே வரவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் முனகினால் நல்லது.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் சேரட்டும்.

நடுக்கத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு (மறுநாள் காலை): போன் செய்ய வேண்டாம். நேற்று இரவு மனசு கேட்காமல் நானே அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "நான் எதுக்கு உள்ளயே உட்கார்ந்திருந்தேன்னு நினைச்சீங்க? எனக்கும் பயம்ங்க. நீங்க தைரியசாலின்னு நம்பித்தான் இதை வாங்கவே செஞ்சேன்" என்றாள். சின்ன வயதில் அவள் கொல்லைப்பக்கம் போக நீங்கள்தான் துணைக்கு நிற்பீர்களாமே? பெண் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, மச்சான்! பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தோம். பன்னிரண்டு படம் வரை தாக்குப்பிடித்தோம். இன்னும் நிறைய வேண்டுமாம். நீங்கள் நேரிலேயே கிளம்பி வாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள். இருட்டிய பிறகு கதவைத் தட்டினால், திறக்க இந்த வீட்டில் ஆள் கிடையாது.