மூன்றாம் மாடிக்கு வந்த அலவாங்கு

டென்மார்க்கைச் சல்லடை போட்டுத் தேடினாலும், மழையைக் கண்டு கைதட்டுகிற மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர்தான் சுண்ணாம்பர். பெயர் நாங்கள் வைத்தது. பெற்றோர் வைத்த பெயர் ஒரு முழ நீளம். ஒடென்சேயில் பாண், அதுதான் ரொட்டி, சுடுகிற எங்கள் தொழிற்சாலையில் அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவரேதான்.

ஜாவாத் தீவின் தெற்குக் கரையோரம், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவில் அவருடைய கிராமம். கப்பலில் சமையல்காரராக வந்தவர், ஒரு டெனிஷ் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார். ஆள்தான் நின்றது, வாய் நிற்கவில்லை. அது எந்நேரமும் ஊரைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் அவரும் கதைத்தது உடைந்த டெனிஷில். அதை அப்படியே எழுதினால் டெனிஷ்காரருக்கே தலை சுற்றும் என்பதால் அவரை இங்கே யாழ்ப்பாணத் தமிழில் கதைக்க விடுகிறேன். அவர் கோபிக்க மாட்டார்.

மழை தொடங்கினால் போதும், தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலை முற்றத்தில் போய் நிற்பார்.

“அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. தடிமன் பிடிக்கப் போகுது.”

“உனக்கென்ன தெரியும் தம்பி? எங்கடை ஊரிலை மழை விழுந்த உடனை கல்லுக்குள்ளாலை இறங்கி ஒளிச்சுப்போடும். காலுக்குக் கீழை ஆறு ஓடுது, குடிக்க ஒரு சொட்டு இல்லை. கோடைக்கு ஆட்டை வித்துத்தான் தண்ணி வண்டி பிடிக்கிறனாங்கள். இஞ்சை வானம் சும்மா ஊத்துது, இந்த விசர்ச் சனம் குடை பிடிக்குது!”

வீட்டுத் தோட்டத்தில் பதினான்கு பீப்பாய் வைத்து மழைநீர் பிடித்தார். அவர் வேலைக்குப் போனதும் மனைவி இரண்டு பீப்பாயைத் திறந்துவிடுவார். பின்னேரம் அவர் வந்து, பீப்பாய் செய்தவனின் பரம்பரையையே திட்டுவார். பதினைந்து வருடமாக இது நடந்தது. குடும்பம் என்றால் அப்படித்தான் ஓட வேண்டும்.

கன்ரீனில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாலே மலைக்கதை. எண்ணமுடியாத மலைகளாம், சிரட்டைகளைக் கவிழ்த்து அடுக்கினது மாதிரி. நடுவில் மண்ணே கிடையாதாம். அவருடைய தகப்பன் பள்ளத்திலிருந்து கூடையில் மண் சுமந்து வந்து, பாறைக் குழிகளில் கொட்டி, குழிக்கு ஒரு தடியாக மரவள்ளி நட்டாராம். பெருமழை வந்து மண்ணைக் கழுவிக்கொண்டு போனால் திரும்பவும் கூடையைத் தூக்குவாராம். அந்த மரவள்ளியைக் காயவைத்து, இடித்து, அவித்துத் தின்றுதான் தான் இந்த உயரம் வளர்ந்ததாகச் சொல்லுவார். உயரம் ஐந்தடிதான்.

“எங்கடை ஊரும் சுண்ணாம்புக்கல்லுத்தான் அண்ணை. ஆறு இல்லை, மரவள்ளி இருக்கு” என்றேன் ஒருநாள்.

“மலை இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப பொத்திக்கொண்டு இரு.”

ஒரு கோடையில் தொழிற்சாலை எங்களைச் சுற்றுலா கூட்டிப்போனது. டெனிஷ்காரர் ‘வானமலை’ என்று பெருமையாகப் பெயர் வைத்திருக்கும் மேடு. உச்சிக்கு ஏறி நின்று சுண்ணாம்பர் கேட்டார்: “சரி, மலை எங்கை?” எங்கள் மேற்பார்வையாளர், போர்மன், காலடியைக் காட்டினார். இவர் நம்பவில்லை. கீழே ஆறு ஓடுகிறதா பார்ப்போம் என்று குப்புறப் படுத்து நிலத்தில் காதை வைத்தார். பக்கத்தில் நின்ற வயதான தம்பதி, மனிதர் விழுந்துவிட்டார் என்று அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டார்கள். வந்தவர்கள் நாடி பிடிக்க, இவர் வாயில் விரலை வைத்து, “சத்தம் போடாதையுங்கோ, கேக்குதில்லை” என்றார்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பக்கத்தில் நின்றுதான், ஊரில் போர் முடிந்த வருடத்தை நான் கழித்தேன். என் தங்கச்சியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வன்னிக்குள். நான்கு மாதமாக ஒரு தகவலும் இல்லை. தொழிற்சாலைக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோகக்கூடாது என்பதால் அங்குள்ள அலுவலகத் தொலைபேசி இலக்கத்தைத்தான் உறவுக்காரருக்கெல்லாம் கொடுத்துவைத்திருந்தேன். மாப் பிசைகிற இயந்திரத்தில் என் கை இருக்கும், காது அலுவலகக் கதவில் இருக்கும். அந்த நாட்களில் சுண்ணாம்பர் ஒரு நிமிடம்கூட வாயை மூடவில்லை. மூடியிருந்தால் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

அப்போதுதான் அலவாங்குக் கதையையும் சொன்னார். கல் பெயர்க்கிற கடப்பாரையைத்தான் நாங்கள் அலவாங்கு என்போம்.

“எங்கடை ஊரிலை செத்த ஆளைப் புதைக்கிறது லேசில்லை, தம்பி. நிலம் முழுக்கக் கல்லு. ஒரு கிடங்கு வெட்டப் பத்துப் பேர் வேணும். ஒரு வீட்டிலை அழுகைச் சத்தம் கேட்டால் ஆம்பிளையள் அலவாங்கை எடுத்துக்கொண்டு போறது, பொம்பிளையள் அரிசி கொண்டு போறது. ஆர், என்ன, எப்பிடி எண்டு ஒரு கேள்வி கேக்கக்கூடாது. கேட்டால் மரியாதையில்லை. போய்ப் பேசாமல் இருக்கவேணும்.”

மே மாதம் ஒரு நாள் காலை அலுவலகப் பெண் கண்ணாடியில் தட்டினார். ஓடிப்போய் எடுத்தேன். வவுனியாவிலிருந்து சித்தப்பா.

“மோனை, தங்கச்சி முகாமிலை இருக்கிறாள். பிள்ளையளும் இருக்குதுகள். கம்பிக்கு இங்காலை நிண்டு என்ரை கண்ணாலை கண்டனான்.”

தொடர்பு அறுந்தது. நான் மா மூட்டையின் மேல் இருந்து, பெற்ற தாய்கூடக் கேட்டிராத சத்தத்தில் குளறி அழுதேன். என்ன நடந்தது என்று போர்மன் கேட்டார். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அவர் முதுகைத் தடவி வீட்டுக்குப் போகச் சொன்னார். பஸ் தரிப்பில் நின்று, வீட்டிலிருந்த என் மனுசிக்கு மட்டும் கைத்தொலைபேசியில் எப்படியோ சொல்லி முடித்தேன்.

பின்னேரம் பிட்டும் முட்டைப்பொரியலும். நான்கு மாதத்துக்குப் பிறகு உப்புப் புளி தெரிந்து சாப்பிட்டோம். மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

எங்கள் மூன்றாம் மாடி வாசலில் சுண்ணாம்பர். கறுப்புத் தொப்பி, வெள்ளைச் சேட்டு, தோளில் ஓர் ஆள் உயர அலவாங்கு. அதை அவர் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். பின்னால் போர்மன், அலுவலகப் பெண், பொதி கட்டுகிற பெடியள் ஆறு பேர். ஒவ்வொருவர் கையிலும் அரிசிப் பை. ஒருவனுடைய வீட்டில் அரிசி இல்லையாம், ஓட்ஸ் கொண்டுவந்திருந்தான்.

அலவாங்கென்றால் சாவு வீடு. நான் வந்த பிறகு அலுவலகத்துக்கு இன்னொரு அழைப்பு வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நாட்களில் அப்படித்தானே, காலையில் இருக்கிறார் என்ற ஆள் மாலையில் இல்லை என்பார்கள்.

சுண்ணாம்பர் கண்ணைக் காட்ட, எல்லோரும் உள்ளே வந்து நிலத்தில் சம்மணம் கட்டி வரிசையாக அமர்ந்தார்கள். போர்மனின் முழங்கால் இரண்டும் நெறுக்கென்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்கக்கூடாது என்று பஸ்ஸிலேயே கட்டளையாம். நானும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் தங்கச்சி உயிரோடு இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஐந்து நிமிடம் இல்லை.

என் மனுசிக்குப் பொறுமை குறைவு. கடவுள் அவளை நல்லாக வைத்திருக்கட்டும்.

“என்ன செய்தி? வாயைத் திறந்து சொல்லித் துலையுங்கோவன்!” என்று தமிழில் கத்திவிட்டு, பிறகு டெனிஷிலும் கத்தினாள்.

அலுவலகப் பெண் மூக்கைச் சிந்தினார். “உங்கடை மச்சாள் செத்த துக்கத்துக்குத்தான் வந்தனாங்கள்.”

“ஆர் சொன்னது? பிறகும் போன் கோல் வந்ததோ?”

“இல்லை, ஒரு கோலும் வரேல்லை.”

எல்லோரும் சுண்ணாம்பரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பாக்கிறியள்? இவன்தானே அழுதவன்! ஒரு ஆம்பிளை மா மூட்டைக்கு மேலை இருந்து அப்பிடிக் குளறினால் அது சாவுதான்.”

“ஐயோ அண்ணை! அவள் உயிரோடை இருக்கிறாள். அதுக்குத்தான் அழுதனான்!”

சுண்ணாம்பரின் அலவாங்கு கைநழுவி விழுந்தது. கீழ்மாடிக் கிழவி கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடித்தார். போர்மன் சிரித்துக்கொண்டே நிலத்தில் மல்லாந்தார். எழும்ப வழியில்லை, முழங்கால் பூட்டிக்கொண்டது. மனுசி பெரிய பானையைத் தூக்கி அடுப்பில் வைத்து, வந்த அரிசியைக் களையத் தொடங்கினாள். ஓட்ஸ் கொண்டுவந்தவன், அதையும் போடலாமா என்று கேட்டுத் திட்டு வாங்கினான்.

சுண்ணாம்பர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

“தம்பி, இன்னொருக்காச் சொல்லு.”

“உயிரோடை இருக்கிறாள் அண்ணை.”

“பிள்ளையள்?”

“ரெண்டும் இருக்குதுகள்.”

“இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். அவர் காது நல்ல காது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாலாம் தரம் சொல்லும்போதுதான், தங்கச்சி இருக்கிறாள் என்பது எனக்கே நம்பக்கூடியதாக இருந்தது. அவர் கையை நான் விடவில்லை. ஐந்தாம் தரம் அவர் கேட்கும் முன்பே சொன்னேன்.