வெள்ளை கவுனுக்கு மஞ்சள்

எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவள். பஸ்ஸில் கூட்டம் இருந்தால் 'இறங்கணும்' என்று சொல்ல வாய் வராமல், இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருகிறவள். ஆனால் இந்தக் கதையை என் வீட்டுக்காரர் செவிலிமேடு முழுக்கத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிவதால், நானே எழுதிவிடுகிறேன். (அவர் சொல்வதுபோல நான் மயங்கி விழவில்லை. உட்கார்ந்தேன். கொஞ்சம் வேகமாக.)

கல்யாணச் சேலைகளுக்கு மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பது என் தொழில். போன வருஷம் சென்னையிலிருந்து ஃபேஷன் பத்திரிகைக்காரர்கள் சிலர் கல்யாண இதழுக்குப் போட்டோ எடுக்க வந்தார்கள். கோயில் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, இஸ்திரிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய ஆசிரியர் அம்மாவைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். அவர் கார் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதுமே, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைச் செடிக்குப் பின்னால் ஒளித்தார்கள். இது போதாதென்று, அந்த அம்மா எப்படிப் பத்திரிகை நடத்துகிறார் என்று ஆவணப்படம் எடுக்க இன்னொரு கூட்டம் பின்னாலேயே வந்திருந்தது.

அதில் ஒரு தாடிக்காரத் தம்பி, நான் இருந்த அறை ஜன்னலில் சின்னக் கேமரா ஒன்றை வைத்தான். "இது இருக்குறதையே மறந்துடுங்கக்கா."

ரொம்ப நேரம் சுவரைப் பார்த்தபடியே இஸ்திரி போட்டேன். அப்புறம் அவன் சொன்னபடியே மறந்துவிட்டேன்.

ஆசிரியரின் உதவியாளர் ராகவி, வேலைக்குப் புதுசு, வெள்ளைப் பட்டில் தைத்த கவுன் ஒன்றைக் கொண்டுவந்தாள். "அக்கா, அட்டைப் படத்துக்கு இதுதான். இதுக்கு எதாச்சும் ஆச்சுன்னா என் வேலை போயிடும்."

புத்தம் புதுசு. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. மஞ்சள் வைக்காமல் யாராவது கல்யாணப் பெண்ணுக்குப் புதுத் துணி உடுத்துவார்களா? (அந்தக் 'கல்யாணப் பெண்' மும்பைக்கார மாடல் என்பது அப்போது மனசில் படவில்லை.) மஞ்சளைக் குழைத்தேன். சேலையாக இருந்தால் மூலை உண்டு. கவுன் வட்டமாக இருந்தது. மூலை எதுவென்று தெரியாததால் கீழ் விளிம்பில் சுற்றிவர நாலு இடத்தில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். மாடல் கவுனோடு நின்றாள். ஆசிரியர் கத்தவில்லை. "யாரு?" என்று மட்டும் கேட்டார்.

எல்லோரும் ராகவியைப் பார்த்தார்கள். அவள் அழ ஆரம்பித்தாள். "நான் இல்ல மேடம்..."

"இத தைச்சவங்ககிட்ட திருப்பிக் குடுக்கணும். நீ நாளையிலருந்து வர வேணாம்."

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மஞ்சள் விரலைத் தூக்கிக் காட்டினேன். தாடிக்காரத் தம்பி மட்டும் அதைப் பார்த்தான். "மேடம், ஜன்னல் கேமராவுல இருக்கும்" என்று போட்டுக் காட்டினான்.

அதில் நான் மஞ்சள் வைத்து, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கவுனோடு பேசிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தெளிவாக வீட்டில்கூடப் பேசியதில்லை. "நல்லா இரு கண்ணு. அந்த மேடம் பாரு, காலையிலருந்து மூஞ்சிய அப்பிடியே வச்சிக்கினு இருக்குது. பாவம், வயிறு சரியா போவல போல. ரெண்டு டம்ளர் வெந்நீ குடிச்சா தன்னால சிரிக்கும்."

உட்கார்ந்தது இந்த இடத்தில்தான்.

"இன்னொரு தடவை போடு" என்றார் ஆசிரியர். போட்டான். முழுசாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வெறும் வயித்துலதான் குடிக்கணுமா?"

"எப்ப வேணா குடிக்கலாம்மா." என் வாய்தான் சொன்னது.

அவர் ராகவியைப் பார்த்தார். "அழுதுக்கிட்டு நிக்காத. போய் வெந்நீர் கொண்டா." பிறகு போட்டோக்காரரிடம், "இடுப்புக்கு மேல எடு" என்றார்.

குடித்தார். சிரிக்கவில்லை.

ஆவணப்படத்தில் அந்தக் காட்சியை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். இப்போது வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், என் மகள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.

போட்டோ எடுத்த மறுநாள் காலையே ராகவி போன் செய்தாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மஞ்சள் கறை எதில் போகும் என்று கேட்டாள். தெரியவில்லை, நாங்கள் யாரும் போக வைத்துப் பார்த்ததில்லை என்றேன்.