பில்ட் அண்ணையின் தேத்தண்ணி

யாழ்ப்பாணத்தில் கணினியைக் கொஞ்சமும் நம்பாத ஒரே கணினிக்காரர் எங்கள் பில்ட் அண்ணைதான். உரும்பிராயில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில், நாங்கள் எழுதும் நிரலைப் போனில் ஓடும் செயலியாகக் கட்டித் தருவது அவர் வேலை. அதற்குப் பெயர்தான் பில்ட். அது அவருடைய கணினியில், அவர் கையால் மட்டுமே நடக்கும். தொடங்குமுன் அறைக் கதவைச் சாத்துவார். மின்விசிறியை நிறுத்துவார். பாதியில் எழும்பி எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துதான் மீதி.

"அண்ணை, அன்ட்ரொயிட்டையும் ஐபோனையும் ஒண்டாய்க் கட்டினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்கடை வீட்டிலை புட்டையும் இடியப்பத்தையும் ஒரே நீத்துப்பெட்டியிலையோ தங்கச்சி அவிக்கிறனீங்கள்?"

நான் என் மேசைக்குத் திரும்பினேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவரும் வான் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலியும் நாங்கள் செய்ததுதான். என் மகளும் அப்படியொரு வானில் போய்வந்தாள். ஒரு மாரி நாள் மழை வலுத்து, பள்ளிக்கூடம் வேளைக்கே விட்டது. வான் வரவில்லை. சாரதி போன் எடுக்கவில்லை. செயலியோ திறந்த கையோடு மூடிக்கொண்டது. பிழையைத் தேடி ஒரே வரியில் திருத்திவிட்டேன். ஆனால் கட்டுவதற்கு ஆளில்லை. அண்ணை உடுப்பிட்டியில், சித்தப்பா மகளின் கல்யாணத்தில்.

அவருடைய கணினி முன்னால் இருந்துகொண்டு அவருக்குப் போன் எடுத்தேன். பின்னால் நாதஸ்வரம்.

"முதல்லை கதவைச் சாத்தும்."

"அண்ணை!"

"சாத்தியாச்சோ? ஃபானை நிப்பாட்டும். அந்தச் சத்தம் நிண்டால்தான் மெசின் முனகிறது கேக்கும்."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், "இப்ப போய்த் தேத்தண்ணி குடியும்" என்றார்.

"என்ரை பிள்ளையைக் காணேல்லை, தேத்தண்ணியோ!" என்று கத்திவிட்டு அடுத்த படிக்குப் போனேன். திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்தி.

"குடிக்கேல்லைத்தானே? நான் குடிக்கிற நேரத்திலைதான் அது இன்ரநெற்றிலை இருந்து தேவையான துண்டுகளை இறக்கி முடிக்கிறது. திரும்பத் துவங்கும்."

துவங்கினேன். இந்த முறை இறங்கி முடியும்வரை காத்திருந்தேன். கட்டி முடிந்தது. என் போனில் போட்டுத் திறந்தேன். வரைபடத்தில் அச்சுவேலிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் அந்த வான் அசையாமல் நின்றது. அங்கே போய்ப் பார்த்தால், வெள்ளத்துக்கு ஒதுங்கியிருந்தார்கள். நனைந்த சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மகள் என்னிடம் ஓடிவந்தாள். இன்றும் மழை இருட்டினால் என் கை போனுக்குத்தான் போகிறது.

அடுத்த கிழமையே முழுவதையும் தானியங்கியாக எழுதிவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். துண்டுகள் இறங்கி முடியும்வரை காத்திருக்கும் படிக்கு 'தேத்தண்ணி' என்றே பெயர் வைத்தேன். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கதவு சாத்திறது எங்கை?"

சில மாதம் கழித்து, அலுவலகத்தில் அந்தக் கல்யாண வீடியோவைக் காட்டினார். கெட்டிமேளம் முழங்குகிறது. தாலி ஏறுகிறது. எல்லோரும் அரிசி போடுகிறார்கள். மாப்பிள்ளைத் தோழன் நிற்க வேண்டிய இடம் மட்டும் வெறுமை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், தோழனின் தலைப்பாகையோடு ஐம்பதை நெருங்கும் ஒருவர், ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் கதைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் குரல் வீடியோவில் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது: "அழாதையும் தங்கச்சி, நான் வைக்கேல்லை, லைனிலைதான் நிக்கிறன்."